ஃபைலைத் திறக்காமலே ஓர் இன்டர்வியூ

டிசைன் வேலைக்கான இன்டர்வியூக்கள் பல ஏமாற்றத்தில் முடிகின்றன. அங்கே எதை அளக்கிறார்கள் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியாமல் இருப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். புரோகிராமரைச் சோதிக்க ஒரு கணக்கைக் கொடுத்தால், அவர் எழுதிய கோட் ஓடுகிறதா என்று உடனே தெரிந்துவிடும். கணக்காளரிடம் ஜிஎஸ்டி பற்றிக் கேட்டால் சரி, தப்பு என்று சொல்ல முடியும். டிசைனருக்கு மார்க் போடும்போது மட்டும் எதிரில் இருப்பவரின் ரசனை, அன்றைய அவசரம், அந்தக் கம்பெனியில் ‘டிசைன்’ என்று எதை நினைக்கிறார்கள் என்பது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அதனால் உள்ளே போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என்னிடம் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு நன்கு தெரிந்த ஒரு பெண்ணின் அனுபவத்தைச் சொல்கிறேன். கோவைக்காரர், மூன்று வருட அனுபவம். சென்னையில் கடன் ஆப் நடத்தும் ஒரு ஸ்டார்ட்அப்பில் பிராடக்ட் டிசைனர் வேலைக்கு விண்ணப்பித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. அவர்களுடைய ஆப்பிலேயே புது வாடிக்கையாளர் பதிவு செய்யும் பகுதியை மாற்றி வடிவமைத்து, திங்கள் காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். சனியும் ஞாயிறும் அதிலேயே போயின. ஆதார் ஓடிபி வராமல் போனால் அடுத்து என்ன, பான் கார்டு போட்டோ மங்கலாக விழுந்தால் அதை எப்படிச் சொல்வது, பாதியில் போன் வந்து வெளியே போனவர் திரும்பி வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று, கடன் கேட்டு வருபவர் மாட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்துக்கும் ஸ்கிரீன் போட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை வீடியோ கால். இருபது நிமிடம் தாமதமாக ஒருவர் வந்தார், கேமரா இல்லாமல். “சொல்லுங்க, ஃபைலைப் பார்க்கலாம்” என்றார். அந்த நொடியில் இந்தப் பெண்ணின் மெயிலுக்கு ஓர் அறிவிப்பு வந்தது: ஃபிக்மா ஃபைலைத் திறக்க அனுமதி கேட்டு. அனுப்பியது எதிரில் பேசிக்கொண்டிருந்தவரேதான். அதுவரை அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பிறகு கேட்டவை மூன்றே கேள்விகள். “ஏன் ப்ளூ?” “லோகோ பண்ணுவீங்களா?” “ரீல்ஸ் எடிட்டிங் வருமா?” ஓடிபி வராவிட்டால் என்ன ஆகும் என்ற இடத்துக்கு அவர் வரவே இல்லை. “எச்.ஆர். கூப்பிடுவாங்க” என்று முடித்தார். யாரும் கூப்பிடவில்லை.

“எனக்கு டிசைனே வரலீங்களாக்கா?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. அவருடைய வேலையில் குறை இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் வழி எதுவும் அந்த இன்டர்வியூவில் இல்லை. பார்க்காத வேலைக்கு யாரும் மார்க் போட முடியாது.

மனம்போன போக்கில் கேள்வி கேட்கும் இன்டர்வியூ எவ்வளவு குறைவாக அளக்கிறது என்பதை ஜேசன் டானா, ராபின் டாஸ், நதனியல் பீட்டர்சன் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மாணவர்களை இன்னொரு மாணவர் பேட்டி கண்டு, அவர்கள் எவ்வளவு மதிப்பெண் எடுப்பார்கள் என்று கணிக்க வேண்டும். பேட்டி கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் உண்மையைச் சொல்லாமல், முன்பே வகுத்துக்கொண்ட ஒரு விதிப்படி கண்டபடி ஆமாம், இல்லை என்று பதில் சொன்னார்கள். பேட்டி கண்டவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை; ஆளை நன்றாகப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார்கள். பேட்டியே இல்லாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். கேமரா அணைத்த பத்து நிமிடப் பேச்சை உங்கள் திறமைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போனிலேயே கேளுங்கள்

முதல் அழைப்பு எச்.ஆரிடமிருந்து வரும். இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் மூன்று மாதமா, ஒரு மாதமா என்று அவர் வரிசையாகக் கேட்பார். பதில் சொல்லிவிட்டு நன்றி கூறி வைத்துவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அந்த அழைப்பிலேயே நீங்களும் கேட்கலாம். மொத்தம் எத்தனை ரவுண்டு? பேனலில் டிசைனர் யாராவது இருக்கிறார்களா, அல்லது எஞ்சினியரிங் மேனேஜர் மட்டுமா? போர்ட்ஃபோலியோவை எவ்வளவு நேரம் காட்ட வேண்டும்? ஒயிட்போர்டில் போடச் சொல்வீர்களா, வீட்டுக்கு அசைன்மென்ட் தருவீர்களா? அசைன்மென்ட் என்றால் எத்தனை மணி நேர வேலை?

எச்.ஆருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. “கேட்டுச் சொல்றேங்க” என்று சொல்லி, சொன்னபடி திரும்பக் கூப்பிட்டால் அது நல்ல இடம் என்பதற்கு ஓர் அடையாளம். கேட்டதற்கே குரல் மாறினால், வேலைக்குச் சேர்ந்த பிறகு உங்கள் கேள்விகளுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொண்டீர்கள்.

விளம்பரத்தையும் வரிவரியாகப் படியுங்கள். யூ.ஐ., யூ.எக்ஸ்., லோகோ, பேனர், வீடியோ எடிட்டிங், எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். எல்லாம் ஒரே ஆளுக்கு என்று போட்டிருந்தால், அங்கே டிசைன் டீம் இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். புதிதாக வருபவருக்கு எல்லாவற்றிலும் கை வைக்க அது ஒரு வாய்ப்பாக இருக்கலாம். ஆனால் உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்தித் தர அங்கே ஆள் இருக்காது. மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு ஒருவர் அங்கே போனால் வளர்ச்சி நின்றுபோகும் என்பது என் கருத்து. லோகோவும் ரீல்ஸும் கேட்ட அந்த ஸ்டார்ட்அப்பின் விளம்பரத்திலும் கடைசி வரியில் அவை இரண்டும் இருந்தன.

போர்ட்ஃபோலியோவில் படத்தைவிடக் காரணம்

ஸ்டீவ் ஜாப்ஸ் 1986-இல் தன் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ செய்ய பால் ராண்டிடம் போனார். கூலி ஒரு லட்சம் டாலர். நாலைந்து மாதிரி காட்ட முடியுமா என்று ஜாப்ஸ் கேட்டதற்கு ராண்ட் மறுத்துவிட்டார். ஒரே தீர்வுதான், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் கொடுத்தது வெறும் லோகோ மட்டும் இல்லை, ஒரு புத்தகம். பெயரின் நான்கு எழுத்துகளில் என்ன சிக்கல், எல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால் என்ன ஆகும், ஏன் ‘இ’ மட்டும் சிறியதாக வேண்டும், கனசதுரம் ஏன் 28 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக நடத்திக்கொண்டு போனார். கடைசிக்கு வரும்போது, படிப்பவருக்கு வேறு விடை இருக்க முடியாது என்று தோன்றிவிடும்.

நம் ஊரில் நான் பார்க்கும் போர்ட்ஃபோலியோக்களில் பெரும்பாலும் இதுதான் இல்லை. பிஹான்ஸிலும் டிரிபிளிலும் பார்த்த அழகோடு இருபது ஸ்கிரீன்கள் வரிசையாக நிற்கும். எந்தச் சிக்கலுக்காக அவை பிறந்தன என்பது இருக்காது. இரண்டு வேலை போதும், மூன்று தாராளம். ஒவ்வொன்றிலும் முதலில் சிக்கலைச் சொல்லுங்கள். டீமாகச் செய்த வேலையில் எது உங்கள் கை என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘நாங்கள்’ என்று மட்டுமே பேசினால் கேட்பவருக்குச் சந்தேகம் வரும். தூக்கிப்போட்ட ஒரு வடிவத்தைக் கட்டாயம் காட்டி, ஏன் தூக்கிப்போட்டீர்கள் என்று விளக்குங்கள். நல்ல பேனல் அதிக நேரம் நிற்பது அந்த இடத்தில்தான்.

பழைய கம்பெனியோடு ரகசிய ஒப்பந்தம் இருந்தால் அந்த ஸ்கிரீன்களைக் காட்ட வேண்டாம். வாடிக்கையாளர் பெயரை எடுத்துவிட்டு, சிக்கலை மட்டும் பொதுவாகச் சொல்லிப் புதிதாக வரைந்து காட்டலாம். “இதற்கு மேல் காட்ட எனக்கு அனுமதி இல்லை” என்று சொல்பவரை எந்த நல்ல கம்பெனியும் குறைவாக நினைக்காது. நாளை அவர்கள் ரகசியத்தையும் நீங்கள் காப்பீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

அசைன்மென்ட் என்ற பெயரில்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கல்யாணப் பந்தி முழுக்கச் சமைக்கச் சொல்லிவிட்டு, கைப்பக்குவம் பார்த்தோம் என்று சொன்னால் அது இலவசமாக வாங்கிய வேலைதான். 1914-இல் தொடங்கிய அமெரிக்க டிசைனர்கள் சங்கமான ஏ.ஐ.ஜி.ஏ., கூலி பேசாமல் டிசைன் செய்து வாங்கும் வழக்கத்தை வேண்டாம் என்று நெடுங்காலமாகவே சொல்லிவருகிறது. நம் ஊரில் அதைச் சொல்ல வலுவான அமைப்பு இல்லை. அதனால் விண்ணப்பிப்பவரே சொல்ல வேண்டியிருக்கிறது, மரியாதையோடும் தெளிவோடும்.

அசைன்மென்ட் வந்ததும் முதலில் அது யாருடைய சிக்கல் என்று பாருங்கள். அவர்கள் இப்போது விற்றுக்கொண்டிருக்கும் ஆப்பின் பகுதி என்றால், பதில் மெயிலில் இப்படிக் கேட்கலாம்: “உங்கள் நடப்பு வேலையோடு தொடர்பில்லாத ஒரு சிக்கலைத் தர முடியுமா? இதேதான் வேண்டும் என்றால், எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறீர்கள், அதற்கு ஊதியம் உண்டா என்று தெரிவியுங்கள்.” இரண்டே வாக்கியம். ஊதியம் தரும் கம்பெனிகளும் இருக்கின்றன. கேட்காமல் யாரும் தருவதில்லை.

அடுத்தது நேரம். நான்கு மணி நேரம் என்றால் நான்கு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்: இவ்வளவு நேரத்தில் இவ்வளவு செய்தேன், இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் இவற்றைச் செய்வேன். முழு ஆப்பையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட, ஒரே ஒரு வழியை எடுத்து அடிவரை போவது மேல். ஓடிபி வராத அந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, காத்திருக்கும் நேரத்தில் என்ன காட்டுவது, மறுபடி அனுப்பும் பொத்தான் எப்போது வர வேண்டும், எண்ணே தப்பாக இருந்தால் எப்படித் திருத்துவது என்று யோசித்துக் காட்டினாலே உங்கள் கை தெரிந்துவிடும். மீதியைச் செய்ய வேண்டுமானால் உங்களை வேலைக்கு எடுக்கட்டும்.

அனுப்பும்போது திருத்தக்கூடிய ஃபைலாக அனுப்பாதீர்கள். பி.டி.எஃப். போதும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் பெயர், தேதி, ‘நேர்காணல் மதிப்பீட்டுக்கு மட்டும்’ என்ற வரி இருக்கட்டும். ஃபிக்மா லிங்க்தான் வேண்டும் என்றால் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, முடிந்தால் காப்பி எடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

சட்டம் இதில் உங்கள் பக்கம்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாகப் படைத்தவரே. ஊழியர் தன் வேலையின் பகுதியாகச் செய்ததற்கு முதலாளி உரிமையாளர் ஆகிறார்; நீங்கள் இன்னும் ஊழியர் ஆகவில்லை. உரிமையை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. ஆகவே அசைன்மென்ட்டோடு வரும் படிவங்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் ஓர் எல்லை உண்டு. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம், கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்று தெளிவாக்கியது. உங்கள் யோசனையை எடுத்துக்கொண்டு வேறு மாதிரி வரைந்துவிட்டால் வழக்குப் போட்டு ஜெயிப்பது கஷ்டம். யோசனை முழுவதையும் முன்கூட்டியே கொட்டிவிடாமல் இருப்பதே நடைமுறைக்கு உதவும் காப்பு.

வெளிப்படையாக விதிகளைச் சொல்லி வேலை கேட்பது வேறு. ரூபாய்க்கான குறியீட்டை மத்திய அரசு போட்டி வைத்துத்தான் தேர்ந்தெடுத்தது. ஐந்து வடிவங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. தமிழகத்தைச் சேர்ந்த டி. உதயகுமாரின் வடிவத்தை 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். தமிழ் எழுத்துருவியலில் ஆராய்ச்சி செய்தவர் அவர். வெல்பவருக்கு என்ன கிடைக்கும், வடிவம் யாருக்குச் சொந்தமாகும் என்பதெல்லாம் தெரிந்துதான் மற்றவர்களும் கலந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை மெயிலில் இது எதுவுமே இல்லை.

“ஏன் ப்ளூ?”

இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். கேட்பவருக்கு டிசைனைப் பற்றி வேறு என்ன கேட்பதென்று தெரியாதபோது நிறத்தைக் கேட்பார். “நம்பிக்கையைக் குறிக்கும் நிறம் சார்” என்ற பதில் எங்கும் போய்ச் சேராது. நிறத்திலிருந்து பயன்படுத்துபவருக்குப் பேச்சைத் திருப்புங்கள். “வெயிலில் பைக்கை நிறுத்திவிட்டு போனைப் பார்ப்பவருக்கு எழுத்து தெரிய வேண்டும். அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி., சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 மாறுபாடு கேட்கிறது. உங்கள் பழைய இளநீலம் அதற்குக் கீழே இருந்தது, அதனால் அடர்நீலத்துக்கு மாற்றினேன்” என்று சொன்னால் பேச்சு ரசனையிலிருந்து வேலைக்கு வந்துவிடும். இதைச் சொல்ல, நீங்கள் உண்மையிலேயே அளந்து பார்த்திருக்க வேண்டும்.

ஃபைலைத் திறக்காமல் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் முகம் சுளிக்காமல், “ஐந்து நிமிடம் கொடுங்கள், நானே காட்டிவிடுகிறேன்” என்று ஸ்கிரீனை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாயை மூடிக்கொண்டு அவர்கள் ஸ்க்ரோல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மிக மோசமான நிலை.

ஒயிட்போர்டு ரவுண்டில் வரைவதற்கு முன் கேட்பதுதான் பாதி மார்க். வயதானவர்களுக்கான ஏடிஎம்மை வடிவமைக்கச் சொல்வது பல இடங்களில் கேட்கப்படும் பழைய கணக்கு. உடனே மார்க்கரை எடுத்துப் பெரிய பொத்தான் வரைந்தால் அத்தனை பேரும் போடுவதையே நீங்களும் போட்டிருப்பீர்கள். மாத முதல் வாரத்தில் எந்த ஏடிஎம் வாசலிலாவது நின்று பாருங்கள். பென்ஷன் எடுக்க வந்த பெரியவர் கார்டையும், பின் நம்பர் எழுதிய சின்னக் காகிதத்தையும் வாட்ச்மேன் கையில் கொடுத்து, “தம்பி, ரெண்டாயிரம் எடுத்துக் குடுப்பா” என்பார். அவருக்குப் பொத்தான் சிறியது என்பது மட்டும் சிக்கல் இல்லை. பின்னால் நிற்கும் வரிசை பயமுறுத்துகிறது. தப்பாக அழுத்தினால் பணம் போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. ‘இந்த மனிதருக்கு, இந்தப் பயத்துக்கு’ என்று சிக்கலைக் குறுக்கிச் சொல்லிவிட்டு வரையத் தொடங்குங்கள். படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

பெண்களிடம் “கல்யாணம் எப்போ?” என்று இன்னும் கேட்கிறார்கள். இது வேலைக்குத் தொடர்பில்லாத கேள்வி. ஆளெடுப்பில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டமே சொன்னது. “வேலை நேரம், பயணம் பற்றி என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அதற்குப் பதில் சொல்கிறேன்” என்பது போதும். விடாமல் கேட்டால் அந்த இடம் வேண்டாம்.

முடிந்த பிறகு

அன்று ராத்திரியே கேட்ட கேள்விகளை எழுதி வையுங்கள், எங்கே தடுமாறினீர்கள் என்பதையும். மறுநாள் ஒரு மெயில். ‘எப்படிச் செய்தேன்?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. ‘போர்ட்ஃபோலியோவின் இரண்டாவது வேலையில் என் பங்கு தெளிவாக இருந்ததா?’ என்பது போல் ஒரே ஒரு குறிப்பான கேள்வி கேளுங்கள். அதற்குச் சிலர் பதில் எழுதுவார்கள். ஒரு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல். அதோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பம் போடுங்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை இருக்கும் வேலையை விடவும் வேண்டாம்.

ஒருவர் சொன்ன குறை உங்கள் தூக்கத்தைக் கெடுக்க விடாதீர்கள். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பேனல்கள் ஒரே குறையைச் சொன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும். கோவைப் பெண்ணுக்கு அடுத்த இரண்டு இடங்களிலும், ஸ்கிரீன் நன்றாக இருக்கிறது, ஏன் அப்படி என்று சொல்லத் திணறுகிறீர்கள் என்றார்கள். அது உண்மையான குறை. ஃபைலைத் திறந்து பார்த்தவர்கள் சொன்னது. வேலை ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடத்தில் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் போனில் பதிவு செய்து கேட்டுக்கொண்டே வந்தார். பேச்சு சீராகிவிட்டது.

மேசையின் அந்தப் பக்கம் உட்காருபவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஆளெடுக்கும் முறைகளில் எது நன்றாகக் கணிக்கிறது என்று 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 1998-இல் வெளியிட்டார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் இன்டர்வியூ, மனம்போன போக்கில் கேட்பதைவிட மேல் என்றது அது. 2022-இல் பால் சாக்கெட்டும் மற்றவர்களும் கணக்கைத் திருத்திப் பார்த்தபோதும் அந்த முறையே முதலிடத்துக்கு வந்தது. நான்கு கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு, ஃபைலை முதல் நாளே திறந்து பாருங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று இரண்டு வரி எழுதுங்கள். இரண்டு நாள் தூங்காமல் வேலை செய்தவருக்கு அது உங்கள் கடன்.

சில வாரம் கழித்து அதே எச்.ஆர். மறுபடி கூப்பிடுவதும் நடக்கும். “அர்ஜன்ட் ஓப்பனிங், நாளைக்கே ஒரு கால் வெச்சுக்கலாமா?” என்பார். கோபத்தில் வைத்துவிடவும் வேண்டாம், ஆவலில் சரி என்று சொல்லிவிடவும் வேண்டாம். சென்ற முறை அனுப்பிய வேலையைப் பேனல் பார்த்துவிட்டதா, இந்த முறை யார் பேசுவார்கள், இன்னொரு அசைன்மென்ட் உண்டா என்று மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பதில் வந்த பிறகு நேரம் குறியுங்கள்.